காடு அமைதியானது என்று யார் சொன்னது?

பேருந்திலிருந்து இறங்கி ஏழெட்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். படிவம் 2 மாணவர்கள் நாற்பது பேர், ஆசிரியர்கள் மூவர், ஒரு காட்டுப் பாதை. பெரிய மரமொன்றின் பலகை வேரைக் காட்டி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று சில்வண்டுகள் கத்தத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு காடு முழுவதும். மாணவர்கள் சிரித்தார்கள். சிலர் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். ஒருவன் மட்டும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனை இங்கே ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன். வயது 14. மதியிறுக்கம் உடையவன். எங்கள் இடைநிலைப்பள்ளியில் மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் படிப்பவன். நான் ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டு, “ஒன்றுமில்லை, பூச்சிதான், பயப்படாதே” என்றேன்.

அந்த ஒரு நொடியில் நான் செய்த தவறுகள் எத்தனை என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். சொல்லாமல் தொட்டது முதல் தவறு. ஏற்கெனவே ஒலியால் தவித்தவனின் காதருகே இன்னொரு ஒலியாகப் பேசியது இரண்டாம் தவறு. ‘ஒன்றுமில்லை’ என்றது மூன்றாவது. அவனுக்கு அது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கவில்லை. ‘பயப்படாதே’ என்றது நான்காவது. அவனுக்கு இருந்தது பயமன்று, வலி.

தம்பி எழுந்து ஓடினான். பாதையின் கீழே ஓர் ஓடை இருந்தது. அடுத்த பத்து நிமிடங்கள் என் ஆசிரியப் பணியில் மிக நீளமானவை. கடைசியில் வாகன நிறுத்துமிடத்தில், நாங்கள் வந்த பேருந்தின் பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தான். காயமில்லை. அந்த இடத்தில் சில்வண்டுச் சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கக்கூட இல்லை.

மறுவாரக் கூட்டத்தில், “இனிமேல் இப்படிப்பட்ட வெளிப்பயணங்களுக்கு அவனை அழைத்துச் செல்ல வேண்டாம், அவன் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம்” என்று பேச்சு வந்தது. நானும் மறுத்துப் பேசவில்லை. மாலையில் அவன் அம்மாவிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பரவால்ல டீச்சர், அவன் வீட்லயே இருக்கட்டும். உறுமி மேளம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான்னு நாங்க திருவிழாவுக்குப் போறதையே விட்டுட்டோம். எங்களுக்கு இது பழகிப்போச்சு” என்றார்.

அந்த ‘பழகிப்போச்சு’ என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதவும் அதுதான் காரணம். பெற்றோரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

மதியிறுக்கம் என்பது என்ன?

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் தொற்றும் நோயன்று. பெற்றோர் வளர்ப்பில் செய்த பிழையாலும் வருவதன்று. மூளை வளரும் விதத்தில், பிறவியிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடு அது. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய மருத்துவ வரலாறு தொடங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-இல் உலகில் 127 பேரில் ஒருவர் மதியிறுக்கம் உடையவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஓர் இடைநிலைப்பள்ளிக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். பெயர் தெரியாமல், மருத்துவச் சான்று இல்லாமல், ‘பிடிவாதக்காரன்’, ‘யாரோடும் சேராதவள்’ என்ற பட்டத்தோடு சிலர் உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே இருக்கக்கூடும்.

மற்றவரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒரு குறிப்பிட்ட பொருள்மீது ஆழ்ந்த ஈடுபாடு ஆகியவற்றை நாம் முன்பே அறிவோம். ஆனால் ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதும் மதியிறுக்கத்தின் இயல்புகளில் ஒன்று என்பது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அறுதியிடும் அளவுகோல்களுக்குள் சேர்க்கப்பட்டது. புலன்களின் இந்த வேறுபாடுதான் வெளிப்புறக் கல்வியில் நம்மை முதலில் எதிர்கொள்ளும்.

ஒரே சத்தம், இரண்டு மூளைகள்

படிவம் 2 அறிவியலில் ஒலி அலைகளைப் படிக்கிறோம். டெசிபல் அளவு சாதாரண அளவுகோலைப் போன்றதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்கு. ஆண் சில்வண்டின் அடிவயிற்றில் இருபுறமும் டிம்பல் எனப்படும் விறைப்பான சவ்வுகள் உள்ளன. தசைகள் அவற்றை நொடிக்குப் பலமுறை இழுத்துவிடும்போது அவை ‘டக் டக்’ என்று உள்வாங்கி மீளும். உள்ளீடற்ற வயிற்றுப் பகுதி அந்த ஒலியைப் பெருக்கும். அருகில் நின்று அளந்தால் சிலவகைச் சில்வண்டுகளின் ஒலி 90 டெசிபலைத் தாண்டும். நம் காட்டின் சில வகைகள் மாலை ஆறு மணியளவில் கத்துவதால் ‘ஆறு மணிப் பூச்சி’ என்றே பெயர் பெற்றவை.

பெரும்பாலோர்க்கு இந்தச் சத்தம் சில நிமிடங்களில் பின்னணிக்குப் போய்விடும். மாறாமல் தொடரும் தூண்டலுக்கு நரம்பு மண்டலம் காட்டும் மறுமொழி படிப்படியாகக் குறைவதே இதற்குக் காரணம். விசிறியின் ஓசை கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போவது இதனால்தான். 2015-இல் அமெரிக்காவில் ஷூலமைட் கிரீனும் அவருடைய குழுவினரும் மதியிறுக்கம் உடைய இளையோருக்குச் சாலைப் போக்குவரத்தின் இரைச்சலைக் கேட்கச் செய்து, சொரசொரப்பான கம்பளித் துணியைக் கையில் படச் செய்து, மூளையைப் படம் பிடித்தார்கள். புலன்களை மிகையாக உணரும் இளையோரின் மூளையில், அச்சுறுத்தலைக் கண்டறியும் அமிக்டலா என்ற பகுதியும் புலன் பகுதிகளும் நேரம் ஆக ஆகவும் அடங்காமல் இயங்கின. நமக்குப் பின்னணிக்குப் போய்விடும் ஓசை அவர்களுக்கு முன்னணியிலேயே நிற்கிறது.

தம்பி அன்று கேட்டது நான் கேட்ட அதே காட்டை அன்று. என் காதில் ‘இயற்கையின் இசை’யாக விழுந்தது அவனுக்கு நிறுத்த முடியாத அபாயச் சங்கு.

இயற்கை மருந்தா?

‘இயற்கையில் விடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை சமூக ஊடகங்களில் நிறைய வருகிறது. இதற்கு ஆய்வு அடிப்படை ஓரளவு உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். 23 பேரின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரமாக வீடு திரும்பினார்கள், அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1989-இல் ரேச்சல் காப்லான், ஸ்டீஃபன் காப்லான் இணையர், களைத்துப்போன கவனத்தை இயற்கைக் காட்சிகள் மீட்டுத் தருகின்றன என்ற கோட்பாட்டை விரிவாக எழுதினார்கள். இலை அசைவதும் மேகம் நகர்வதும் கவனத்தை மெல்ல ஈர்க்கும், ஆனால் அதைக் கறக்காது என்பது அவர்கள் வாதம்.

2009-இல் ஃபேபர் டெய்லர், குவோ ஆகிய இருவரும் 7 முதல் 12 வயதுவரையிலான 17 பிள்ளைகளைப் பூங்காவிலும், நகர மையத்திலும், குடியிருப்புப் பகுதியிலும் தனித்தனியே 20 நிமிடம் நடக்கவைத்தார்கள். பூங்கா நடைக்குப் பிறகே கவனத் தேர்வில் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு உடையவர்கள், மதியிறுக்கம் உடையவர்கள் அல்லர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மதியிறுக்கம் உடைய பிள்ளைகளையும் வெளிப்புறச் சூழலையும் பற்றிய ஆய்வுகளும் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் சிறிய எண்ணிக்கையிலான பிள்ளைகளை வைத்து, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு எழுதப்பட்டவை அவை. மனம் இலகுவாவது, உடலசைவு கூடுவது, பேச வாய்ப்புக் கிடைப்பது போன்ற பயன்களை அவை சொல்கின்றன. அதே ஆய்வுகளில், பூச்சிக்கடி, சேறு, வெயில், தப்பி ஓடும் அபாயம், மற்றவர்களின் பார்வை எனப் பெற்றோர் அஞ்சுவனவும் பதிவாகியுள்ளன. ஆகவே இயற்கை மதியிறுக்கத்தைக் ‘குணப்படுத்தும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குணப்படுத்த வேண்டிய நோயே அன்று அது. வகுப்பறையின் மின்விளக்கும் மணியோசையும் சிற்றுண்டிச்சாலையின் இரைச்சலும் இல்லாத ஓர் இடம், சரியான ஏற்பாட்டோடு அமைந்தால், அந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் தரும். இதில் பாதிக்கு மேல் ‘சரியான ஏற்பாட்டோடு’ என்பதில்தான் இருக்கிறது.

அடுத்து என்ன என்று தெரிந்தால்

நம் மூளை எப்போதும் அடுத்த நொடியை முன்கூட்டியே ஊகித்துக்கொண்டிருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது ஒரு படி அதிகம் இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தடுமாறியிருக்கிறீர்களா? ஊகம் பொய்த்த அந்த நொடியின் திடுக்கிடலை நினைத்துக்கொள்ளுங்கள். 2012-இல் லிஸ் பெலிகானோ, டேவிட் பர் ஆகியோர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மதியிறுக்கம் உடையவரின் மூளை, பழைய அனுபவங்களிலிருந்து எடுக்கும் ஊகங்களுக்குக் குறைந்த எடையே தருகிறது. அதனால் உலகம் அவர்களுக்கு வடிகட்டப்படாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து மோதுகிறது என்பதே அது. இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்துதான் என்றாலும், வகுப்பறையில் நாங்கள் தினமும் பார்ப்பதோடு இது பொருந்துகிறது. முன்கூட்டியே சொல்லாத மாற்றம்தான் தம்பி போன்றவர்களை மிக அதிகமாக உலுக்குகிறது.

நான்கு சுவருக்குள் இருக்கும் வகுப்புக்கே இப்படியென்றால், மழை, வழுக்கல், அட்டை, குரங்கு என்று எதையும் முன்னறிவிக்காத காடு எப்படி இருக்கும்? அங்கே ஊகிக்க முடிந்தவற்றை நாம்தான் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி ஆசிரியையிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “போவதற்கு முன்னால் அந்த இடத்தை அவனுக்குக் காட்டினீர்களா?” காட்டவில்லை. இரண்டாவது கேள்வி, “அவனுக்கு என்ன பிடிக்கும்?” அது எல்லார்க்கும் தெரியும். கே.டி.எம். கோமுட்டர் ரயில். எல்லா நிலையங்களின் பெயரையும் வரிசையாக, இரு திசையிலும் தடங்காமல் சொல்வான்.

ஏழு நிலையங்கள்

அடுத்த பருவத்தில் மீண்டும் ஒரு பயணம். இம்முறை கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம், அதாவது ஃப்ரிம். ஈயச் சுரங்கத்தாலும் காய்கறித் தோட்டங்களாலும் வெறுமையாகிப்போன நிலத்தில் 1920-களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. பாதைகள் தெளிவானவை, கழிப்பறை அருகில் உண்டு, நுழைவாயிலும் ஒழுங்கானது. எங்களுக்கு அது முக்கியம்.

நானும் தம்பியின் அப்பாவும் ஒரு சனிக்கிழமை முன்னதாகவே போய், நடக்கப்போகும் பாதையை அடிக்கொரு தரம் படம் எடுத்தோம். தம்பி அந்தப் படங்களைப் பார்த்து, பாதையை ஒரு ரயில் தடமாக வரைந்தான். மொத்தம் ஏழு நிலையங்கள். பேருந்து நிற்குமிடம் நிலையம் 1. கழிப்பறை நிலையம் 2. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை நிமிடம், என்ன வேலை, அங்கே என்ன சத்தம் வரும் என்று ஓரத்தில் எழுதினோம். வடகரோலினாவில் 1970-களில் தொடங்கிய டீச் என்ற கற்பித்தல் முறையில் வரும் படக் கால அட்டவணையும் இதே அடிப்படைதான்; கோமுட்டர் வடிவம் மட்டும் தம்பியுடையது. சில்வண்டுச் சத்தத்தைக் கைப்பேசியில் முதலில் மிக மெதுவாகவும், நாளாக நாளாகச் சற்றுக் கூட்டியும், நிறுத்தும் பொத்தானை அவன் கையிலேயே கொடுத்துக் கேட்கச் செய்தோம். இரைச்சலைக் குறைக்கும் காதுறை ஒன்று பையில் இருந்தது. விளையாட்டு உடையின் கழுத்துப்பட்டியில் இருந்த முகவரித் துணியை அம்மா கத்தரித்துவிட்டார். அது உறுத்துவதால்தான் திடல் பயிற்சியன்று அவன் எரிச்சலாக இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பயணத்தன்று நான்கு நிலையங்கள் அட்டவணைப்படி கடந்தன. ஐந்தாவது நிலையத்துக்குப் போகும் பாதையில் ஒரு மரம் விழுந்து வழி அடைபட்டிருந்தது. தம்பி நின்றுவிட்டான். உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. என் வயிறு கலங்கியது. மறுபடியும் அந்தப் பத்து நிமிடமா?

அப்போது அவன் வகுப்புத் தோழன் ஒருவன், மலாய் மாணவன், தம்பியின் படத்தை வாங்கி நிலையம் 5-இன் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டான். கோமுட்டர் அறிவிப்பின் குரலில், மலாயில், நிலையம் 5 தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது, ரயில் நேராக நிலையம் 6-க்குச் செல்லும் என்றான். தம்பி ஆடுவது நின்றது. படத்தைத் திரும்ப வாங்கி, நேரத்தைத் திருத்தி எழுதினான். “ஆறு நிமிஷம் முன்னாடியே போயிருவோம், சிக்கு” என்று என்னிடம் சொன்னான். பயிற்சி பெற்ற மூன்று ஆசிரியர்களுக்குத் தோன்றாதது பதினான்கு வயதுப் பையனுக்குத் தோன்றியது.

நிலையம் 6, காப்பூர் மரத் தோப்பு. நம் பச்சைக் கற்பூரத்தின் பழைய வணிகத்தோடு தொடர்புடைய மரம் இது. அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சியும் அடுத்த மரத்தின் உச்சியும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஓடைபோல வானம் தெரியும். இதை ‘உச்சி நாணம்’ எனலாம். கிளைகள் காற்றில் உரசி நுனி முறிவதால் இடைவெளி உண்டாகிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் மலேசிய ஆய்வாளர் ஃபிரான்சிஸ் எங் 1970-களில் காப்பூர் மரங்களை ஆராய்ந்தபோது உரசலின் அடையாளம் அவருக்குத் தென்படவில்லை. பக்கத்து மரத்தின் நிழலை வளர்நுனிகள் உணர்ந்து வளர்ச்சியை நிறுத்துகின்றன என்று அவர் கருதினார்.

தம்பி பாய் விரித்து மல்லாந்து படுத்து, அட்டவணையில் இருந்த பதினைந்து நிமிடமும் மேலேயே பார்த்தான். காதுறை போட்டிருந்தான். மற்றவர்கள் எழுந்தபோது, “இன்னொரு ரயில் வரைக்கும்” என்றான். நான் ஐந்து நிமிடம் கூட்டினேன். பிறகு பயண அறிக்கையில் மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுத, அவன் அந்த இடைவெளிகளின் வடிவத்தை மட்டும் வரைந்து கொடுத்தான். முழு மதிப்பெண் போட்டேன். சூழலியலில் உற்றுநோக்கல்தானே முதல் திறன்?

ஓடுவதையும் வெயிலையும் மறக்கக் கூடாது

கதை நன்றாக முடிந்தது என்பதற்காக அபாயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2012-இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மதியிறுக்கம் உடைய பிள்ளைகளில் 49 விழுக்காட்டினர் 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்திலிருந்து வெளியேற முயன்றிருந்தார்கள். கவலைதரும் அளவு நேரம் காணாமல் போனவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் நீரில் மூழ்கும் ஆபத்தின் அருகில் சென்றிருந்தார்கள். ஆகவே ஓடை, குளம், கடற்கரை உள்ள இடமென்றால் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைக்காக மட்டும் இருக்க வேண்டும். நீச்சல் கற்றுக்கொடுப்பது ஆடம்பரமன்று, பாதுகாப்பு.

இன்னொன்று உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகள். தாகம், பசி, சூடு, சிறுநீர் முட்டுவது ஆகியவற்றை மதியிறுக்கம் உடையவர்கள் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. ‘தாகமா இருந்தா தண்ணி குடி’ என்பது இவர்களுக்குப் போதாது. ‘ஒவ்வொரு நிலையத்திலும் ஐந்து மிடறு’ என்பதே எங்கள் விதி. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமின்னல் மிகுதி என்பதால், நண்பகலுக்கு முன் பேருந்தில் ஏறிவிடுவது நல்லது.

நடிப்பின் களைப்பு

‘பள்ளியில் நல்லாத்தான் இருக்கான், வீட்டுக்கு வந்ததும் வெடிக்கிறான்’ என்று பெற்றோர் சொல்வதுண்டு. மற்றவர்களைப்போல் நடந்துகொள்ள நாள் முழுதும் தன்னை மறைத்துக்கொள்வதன் விலை அது. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, சத்தம் போடாதே என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் அந்தப் பாரத்தில் சேர்கிறது. காட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே எறும்புப் புற்றைப் பார்த்தபடி பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கை ஆடினாலும் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. எனக்குத் தெரிந்தவரை வெளிப்புறக் கல்வி தரும் பெரிய நன்மை இதுதான்.

பழகும் திறன் குறை அவர்களிடம் மட்டுமே உள்ளது என்ற எண்ணமும் மாறிவருகிறது. புரிந்துகொள்ளாமை இருபக்கமும் உண்டு என்று டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அவரும் மதியிறுக்கம் உடையவரே. 2020-இல் கேத்தரின் குரோம்டன் குழுவினர் எட்டெட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் அடுத்தவரிடம் ஒரு கதையைச் சொல்லும் சோதனையை நடத்தினார்கள். மதியிறுக்கம் உடையவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்கு நிகராகக் கதையைக் கடத்தியது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் தொலைந்தன. அப்படியென்றால் பயிற்சி தம்பிக்கு மட்டுமா தேவை? அவன் தோழன் அன்று செய்தது, தம்பியின் மொழியைக் கற்றுக்கொண்டதுதான்.

வட அயர்லாந்தின் தாரா மெக்கனல்ட்டி மதியிறுக்கம் உடைய இளைஞர். பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி எழுதிய நாட்குறிப்புக்காக 2020-இல், 16 வயதில், இங்கிலாந்தின் வெயின்ரைட் பரிசைப் பெற்றார். எல்லாரும் நூலாசிரியர் ஆகப்போவதில்லை. ஆனால் காட்டுக்கே அழைத்துச் செல்லப்படாத பிள்ளைக்கு அந்த ஈடுபாடு தனக்கு இருப்பதே தெரியாமல் போகலாம்.

பயணத்துக்கு முன்: ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்

• இடத்தை முன்னதாகப் படமாகக் காட்டுங்கள். முடிந்தால் குடும்பத்தோடு ஒருமுறை போய் வாருங்கள். புதுப்புது இடங்களைவிட, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லது.

• படக் கால அட்டவணை கொடுங்கள். ‘முடியும் நேரம்’ அதில் கட்டாயம் இருக்கட்டும். திட்டம் மாறினால் அதை எப்படிக் குறிப்பது என்பதையும் முன்பே பழக்குங்கள்.

• வெளியேறும் வழி ஒன்று வேண்டும். சிவப்பு அட்டையைக் காட்டினால் கேள்வி கேட்காமல் அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச முடியாத நேரத்திலும் அட்டையைக் காட்ட முடியும்.

• காதுறை, தொப்பி, பழகிய தின்பண்டம், மாற்று உடை ஆகியவை பையில் இருக்கட்டும். ‘எல்லாரும் நாசி லெமாக் சாப்பிடும்போது இவனுக்கு மட்டும் என்ன பிஸ்கட்?’ என்று கேட்காதீர்கள்.

• தடுமாறும் நேரத்தில் குறைவாகப் பேசுங்கள். சொல்லாமல் தொடாதீர்கள். வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்துங்கள்.

• அவனுக்குப் பிடித்ததைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். ரயில், எண், கொடி, டைனோசர் என எதுவானாலும் சரி.

• மறுநாள் ஓய்வாக இருக்கட்டும். மகிழ்ச்சியான பயணமும் களைப்பைத் தரும்.

• தொலைவு தேவையில்லை. பள்ளிக்குப் பின்னால் உள்ள கருவேப்பிலைச் செடியும் ஒரு சூழல் மண்டலம்தான். வாரத்துக்கு இருபது நிமிடம் அதனடியில் உட்கார்வதும் வெளிப்புறக் கல்விதான்.

வீட்டிலேயே இருக்கட்டுமா?

நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரைப் பொதுக்கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றுக்கான உரிமையும் அதில் உண்டு. 2019-இல் கல்வி அமைச்சு எந்தப் பிள்ளையையும் மறுக்காத கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளிக் கதவு திறந்துவிட்டது. ஆனால் பேருந்தின் கதவு? சுற்றுலா, முகாம், குறுக்கோட்டம் என்று வரும்போது ‘அவன் பாதுகாப்புக்காக’ என்ற சொற்கள் இன்னும் எளிதாக வருகின்றன. நானே அந்தச் சொற்களுக்கு ஒருமுறை தலையாட்டியவள். உண்மையில் அன்று நான் காத்துக்கொண்டது அவனை அன்று, என்னை.

எல்லாப் பயணமும் எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதன்று. ஏழு நிலையம் கடக்க முடிந்தது தம்பிக்கு. இன்னொரு பிள்ளைக்கு இரண்டு போதும். பேசாத பிள்ளைக்கு, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு, ஏற்பாடும் ஆள்பலமும் கூடுதலாக வேண்டும். சில நாளில் வராமல் இருப்பதே சரியான முடிவாக இருக்கும். அந்த முடிவைப் பிள்ளையிடம் கேட்டு எடுக்கிறோமா, கேட்காமல் எடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவது வழக்கம். அதனால் தம்பியின் பயணத் திட்டத்தை, அந்த ரயில் வரைபடத்தோடு சேர்த்து, சிறப்புக் கல்வி அறையின் கோப்பில் வைத்திருக்கிறோம். யார் வந்தாலும் எடுத்துப் படிக்கலாம். ஏற்பாடு ஓர் ஆசிரியரின் நல்ல மனத்தில் மட்டும் இருந்தால், அவர் போனதும் அதுவும் போய்விடும்.

சென்ற மாதம் அடுத்த பயணத்துக்கான ஒப்புதல் படிவத்தை வகுப்பில் கொடுத்தேன். மறுநாள் முதலில் திரும்பி வந்தது தம்பியுடையது. அம்மா கையெழுத்திட்டிருந்தார். அதன் பின்பக்கத்தில், பென்சிலில், தம்பியின் கையெழுத்தில் ஒரு கேள்வி: “எத்தனை நிலையம்?”